வீட்டைச் சுற்றி ஒரு பிரதட்டை

நான் கூச்சக்காரன். பஸ்ஸில் மணியடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்று பயந்து, வேறு யாராவது அடிக்கிற இடத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்த நாட்கள் எனக்கு உண்டு. அப்படிப்பட்ட நான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னின் புறநகர் ஒன்றில், குளிர்காலத்து மத்தியான வெளிச்சத்தில், மேலில் சட்டையில்லாமல், இடுப்பில் ஈரவேட்டியோடு, வாடகைக்கு இருந்த வீட்டைச் சுற்றித் தரையில் உருண்டேன். இப்போது எனக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. நினைத்தால் இன்றைக்கும் தலை சுற்றுகிறது.

எல்லாம் என் மனைவியின் குடல்வால் செய்த வேலை. ஒரு மாலை குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உள்ளே அது வெடித்துவிட்டது. டாக்டர் சொன்ன ஆங்கிலத்தில் எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை அவருடைய முகம் சொன்னது. அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். நான் நடையில் குளிர்பானம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சாமி படம் ஒன்றும் அங்கே இல்லை. இயந்திரத்தைப் பார்த்தே கும்பிட்டேன்.

"நல்லூர்க் கந்தா, இவளை எனக்குத் திருப்பித் தா. உன்ரை தேருக்குப் பின்னாலை பிரதட்டை செய்யிறன்."

ஊரில், நல்லூர்த் தேர்த் திருவிழா அன்று ஆண்கள் ஈரவேட்டியோடு கோயில் வீதியில் படுத்து, கைகளைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு, தேர் போகிற வழியெல்லாம் உருண்டு வருவார்கள். அதுதான் பிரதட்டை. நான் ஊரில் இருந்தவரை ஒரு நாளும் செய்ததில்லை. காரணம் வேறொன்றுமில்லை, சனம் பார்க்கும். தேங்காய் உடைக்கிறேன் என்றோ, ஒரு அபிஷேகம் செய்விக்கிறேன் என்றோ சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு எது ஆகக் கஷ்டமோ அதுவே வாயில் வந்துவிட்டது.

அவள் பிழைத்தாள். மெலிந்து, வயிற்றில் நீளமான தையலோடு, நல்ல பசியோடு வீட்டுக்கு வந்தாள். அவள் வந்து கொஞ்ச நாளில் எனக்கு வேலை போனது. நான் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் நின்றேன். பள்ளிக்கூடப் படிப்பைவிட அந்த வேலைதான் எனக்குக் கைவந்தது. அந்த வருடம் கார் விற்பனை படுத்துவிட்டது என்று சொன்னார்கள். கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே போனோம்.

எனக்கு முருகனில் கோபம் வந்தது. காஸ் ஹீற்றருக்கு மேலே, அந்த வீட்டில் குளிராத ஒரே இடத்தில், அவருடைய படத்தை வைத்திருந்தோம். நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டேன். திருநீறு பூசுவதையும் விட்டேன்.

என் மனைவியோ இதற்கு நேர்மாறு. அவள் எதற்கும் நன்றி சொல்லுகிறவள். ரயில் போய்விட்டால், அடுத்த ரயிலில் இருக்க இடம் கிடைக்கும் என்று நன்றி. கறி கருகினால், சோறு கருகவில்லை என்று நன்றி. வேலை போன செய்தியை நான் வாசலில் நின்று சொன்னபோது, "நல்லகாலம், கை கால் ஒண்டும் மெஷினுக்குள்ளை போகேல்லை" என்றாள். சில நேரம் அவளுடைய நன்றியைக் கேட்டால் எனக்குப் பல்லுக் கூசும்.

ஒரு காலை வெறும் நெற்றியோடு குசினிக்குள் போனேன். அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ன நெத்தி வெறுமையாக் கிடக்கு?"

"அவருக்கும் எனக்கும் இப்ப கதை பேச்சில்லை."

"ஆருக்கும் உங்களுக்கும்?"

"ஹீற்றருக்கு மேலை இருக்கிறவருக்கும் எனக்கும். ஒரு கையாலை தந்து மற்றக் கையாலை எடுக்கிறார். நான் உமக்காகப் பிரதட்டை வேறை நேர்ந்து வைச்சனான்."

அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அவள் தோசைக்கரண்டியோடு திரும்பினாள்.

"பிரதட்டையோ? நீங்களோ? பஸ்ஸிலை மணியடிக்க வெக்கப்படுகிற நீங்களோ?"

"உம்மடை நிலைமை அப்பிடி இருந்தது."

அவள் தோசையைப் புரட்டினாள். கண் கலங்கியது போலத் தெரிந்தது. தோசைப் புகையாகவும் இருக்கலாம். பிறகு கேட்டாள்:

"அப்ப நேர்த்தியை எப்ப செய்யப் போறியள்?"

"வேலையைப் பறிச்சவருக்கு என்ன நேர்த்தி?"

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்? என்ரை உயிரைத்தானே?"

"ஓம்."

"வேலையைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"பிறகென்ன? கேட்டதைத் தந்திட்டார். கேளாததுக்கு அவரோடை ஏன் சண்டை? நான் செத்து உங்கடை வேலை நிண்டிருந்தா உங்களுக்குச் சந்தோசமோ?"

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "பாருங்கோ, அதுக்கும் யோசிக்கிறார்!" என்று கரண்டியால் என் தோளில் ஒன்று போட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. நேர்த்தி முடியாமல் கிடப்பது அவளுக்குப் பாரமாக இருந்தது. தன் உயிரை யாரோ இரவல் தந்ததுபோல இருக்கிறது என்றாள். ஊருக்குப் போகும்போது செய்கிறேன் என்றேன். எப்போது போவோம் என்றாள். இங்கே கோயில் இல்லையே என்றேன். அந்த நாட்களில் மெல்பேர்னில் நாங்கள் போய்க் கும்பிட ஒரு முருகன் கோயிலும் இருக்கவில்லை. அவள் ஹீற்றரைக் காட்டினாள்.

"அவர் இருக்கிற இடம் கோயில். கோயிலுக்கு நாலு வீதி வேணும். இந்த வீட்டுக்கு நாலு பக்கம் இருக்கோ இல்லையோ?"

அவளுடைய தமையன் ஊரிலிருந்து அனுப்பிய நாட்காட்டி குசினிச் சுவரில் தொங்கியது. தேர்த் திருவிழா ஆவணியில், இங்கே நல்ல குளிருக்குள், ஒரு வேலைநாளில் வந்தது.

"பாத்தியளே? வேலை இருந்திருந்தா லீவு கேக்க வேணும். என்னத்துக்கெண்டு சொல்லிக் கேட்டிருப்பியள்? அதையும் அவரே பாத்திட்டார்."

அங்கே காலையில் தேர் இழுக்கும்போது இங்கே மத்தியானம். தெருவில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், ஒரு காக்காயும் பார்க்காது என்று அவள் சொன்னாள். காக்காய் பார்த்தால் எனக்குப் பரவாயில்லை என்றேன்.

ஒத்திகை பார்க்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. வீட்டின் முன்பக்கம் புல்தரை, பின்பக்கமும் புல்தரை. வாசலில் நின்று தெருவைப் பார்த்தால் வலதுபக்கம் கார் விடுகிற அகலமான பாதை. இடதுபக்கத்தில் வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டு வளவு எல்லைக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கத்தான் இடம். பிரதட்டை செய்கிறவன் பாதைக்குக் குறுக்கே கிடந்து உருள வேண்டும். நான் கிடந்து பார்த்தேன். கால் சுவரில் முட்டியது, தலை பக்கத்து வளவுக்குள் போனது. நடுவில் இருந்த பலகைவேலி அந்த மாதம் அடித்த காற்றில் சாய்ந்து விழுந்துவிட்டது. துண்டுகளை அள்ளி அப்பால் போட்டிருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் புது வேலி போடுகிறேன், போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

மனைவி எல்லையில் நின்று என் தலையைப் பார்த்தாள்.

"வேலி விழுந்ததும் நல்லதாப் போச்சு."

"அது சரி. ஆனா என்ரை தலை பக்கத்து வீட்டு மனுசன்ரை காணிக்குள்ளையல்லோ உருளப் போகுது?"

"போய்க் கேளுங்கோவன்."

"என்னெண்டு கேக்கிறது? 'உங்கடை ரோசாச் செடிக்குப் பக்கத்தாலை என்ரை தலையை உருட்டலாமோ' எண்டோ?"

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அவுஸ்திரேலியர். கதவு நிறைந்த ஆள். தனியாக இருந்தார். குளிர்காலத்தில் ரோசாச் செடிகளை வெட்டுவார், கோடையில் அவற்றுக்குத் தண்ணீர் விடுவார். நாங்கள் அங்கே குடிவந்த நாளிலிருந்து அவர் எனக்கு "குட் டே" சொல்லுவார், நான் அவருக்குத் தலையாட்டுவேன். அதற்கு மேலே எங்களுக்குள் பேச்சு வளரவில்லை.

மனைவி என்னைத் தள்ளி அனுப்பினாள். போனேன். அவர் கத்தரிக்கோலோடு நிமிர்ந்து "குட் டே" என்றார். வாயில் வந்ததைக் கேட்டேன். திரும்பி வந்தேன்.

"கேட்டனீங்களோ?"

"கேட்டனான்."

"என்ன கேட்டனீங்கள்?"

"மழை வருமோ எண்டு."

அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். வயிற்றைப் பொத்திக்கொண்டு, "சிரிக்க வைக்காதேங்கோ, தையல் நோகுது" என்று கெஞ்சினாள். தேர் நாளில் அவர் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்துச் செய்வது என்று முடிவெடுத்தோம்.

அன்று வானம் வெளித்திருந்தது. குளிர் மட்டும் குறையவில்லை. அவருடைய கார் வெளியே போகிற சத்தம் கேட்டது. நான் வேட்டியோடு குளியலறையில் நின்று, சுடுதண்ணீரில் நனையலாமா என்று கேட்டேன்.

"நனையுங்கோ, நனையுங்கோ. அவர் தண்ணியைத் தொட்டுப் பாத்தோ நேர்த்தியை ஏற்கிறவர்?"

சுடுதண்ணீர் வாசலைத் தாண்டும் வரைதான் சுட்டது. வெளியே வந்ததும் என் உடம்பிலிருந்து ஆவி பறந்தது. அவள் தாச்சிச் சட்டியில் தேங்காய்ச் சிரட்டைத் தணல் போட்டு, மேலே சாம்பிராணியைத் தூவி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். ஊரில் தேருக்கு முன்னால் போகிற புகைபோல இருக்கட்டும் என்று ஒரு கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டாள். புகை எங்கள் இருவரையும் மறைத்தது.

"எழும்பக்கூடாது, சரியோ? இடையிலை எழும்பினா முதல்லயிருந்து."

"தெரியும்."

"அரோகரா சொல்லுங்கோ."

"நீர் சொல்லும். எனக்குப் பல்லுக் கிட்டுது."

படுத்தேன். உருண்டேன். முன்புல்தரை ஈரமாக, பரவாயில்லாமல் இருந்தது. கார்ப் பாதை சீமெந்து. முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தன்னை அறிமுகம் செய்தது. பின்பக்கப் புல்லுக்குள் சின்னச் சின்ன முட்கள் இருந்தன. நடக்கும்போது அவை இருப்பதே தெரியாது. வெறும் முதுகில் எல்லாம் தெரிந்தது. வானம், புல், வானம், புல். உடைகள் காயப்போடும் கம்பி ஒரு முறை தலைகீழாகவும் ஒரு முறை நேராகவும் வந்தது. நன்றி ஒன்றும் மனதில் வரவில்லை. ஒவ்வொரு முறை முகம் நிலத்தில் படும்போதும், "வேலை, வேலை, வேலை" என்றுதான் உள்ளே ஓடியது.

இடதுபக்க ஒடுக்கத்துக்கு வந்தோம். என் தலை பக்கத்து வளவுக்குள் போனது. அந்த நேரம் பார்த்து அவருடைய கார் திரும்பி வந்தது. பணப்பையை வீட்டில் மறந்து போயிருந்தாராம், பிறகு சொன்னார்.

அவர் பார்த்தது இதுதான்: பக்கத்து வீட்டு மனிதன் வெறும் உடம்போடு தரையில் உருளுகிறான். அவனைச் சுற்றி வெள்ளைப் புகை. அவன் உடம்பிலிருந்தும் புகை. பின்னால் மனைவி நெருப்புச் சட்டியோடு நின்று ஏதோ பெரிதாகக் கத்துகிறாள். இந்த நாட்டில் ஆடையில் நெருப்புப் பிடித்தால் நிலத்தில் படுத்து உருள வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ரோல், மேட்! ரோல்!" என்று அவர் ஓடிவந்தார். "நிறுத்தாதே! உருளு!"

இப்படி ஒருவர் உற்சாகப்படுத்துவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கூச்சத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உருண்டேன். அடுத்த கணம் தண்ணீர் விழுந்தது. ரோசாவுக்கு விடுகிற ஹோஸ் பைப்பைத் திறந்து என் மேல் பிடித்துவிட்டார். ஆவணிக் குளிரில், வெறும் உடம்பில், குழாய்த் தண்ணீர். அதற்குமுன் நான் சொல்லாமல் விட்ட அரோகரா எல்லாம் என் வாயிலிருந்து ஒன்றாக வெளியே வந்தது.

"ஐயோ, விடச் சொல்லுங்கோ!" என்றாள் மனைவி. பிறகு உடனே குரல் மாறியது. "இல்லை, இல்லை, பறுவாயில்லை. ஊரிலையும் பிரதட்டைக்காரருக்கு வீதியிலை தண்ணி ஊத்திறவைதானே!"

அவர் ஹோஸைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துத் தூக்க வந்தார். அவள் பதறினாள்.

"எழும்பாதேங்கோ! எழும்பினா எல்லாம் போச்சு! சொல்லுங்கோ, அந்த மனுசனுக்கு என்னவாவது சொல்லுங்கோ!"

நான் அதுவரை அந்த மனிதரோடு மழையைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. இப்போது மல்லாந்து கிடந்தபடி, தலையை அவருடைய நிலத்திலும் காலை என்னுடைய நிலத்திலும் வைத்துக்கொண்டு, அவருடைய பெரிய சிவந்த முகத்தை அண்ணாந்து பார்த்துப் பேச வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பிரதட்டைக்குச் சொல் இல்லை.

"நெருப்பு இல்லை," என்றேன். "நான் நன்றி சொல்லுறேன்."

"யாருக்கு? எனக்கா?"

"இல்லை. கடவுளுக்கு."

அவர் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"உனக்கு வேலை போயிட்டுதே. பகலெல்லாம் வீட்டில நிக்கிறாய்."

"ஓம்."

"அப்ப எதுக்கு நன்றி?"

நான் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தேன். கீழே கிடந்து பார்த்தால் அவள் மிக உயரமாகத் தெரிந்தாள். மூக்கு நுனி குளிரில் சிவந்து, புகையில் கண்ணீர் வழிய, என் பழைய கம்பளிச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு, நான் எழும்பிவிடுவேனோ என்ற பயத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். உயிரோடு நின்றாள்.

"அவ செத்திருப்பா," என்றேன். "சாகேல்லை."

அதுவரை உள்ளே ஓடிக்கொண்டிருந்த "வேலை, வேலை" எங்கே போனதென்று தெரியவில்லை. குளிரும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. மல்லாந்து கிடந்து, பல்லெல்லாம் அடிக்க, நான் என் பாட்டுக்குச் சிரித்தேன்.

அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"சரி, நியாயம்தான்," என்றார். "இன்னும் எவ்வளவு தூரம்?"

"முன்வாசல் வரை."

அவர் முன்னால் போனார். வெட்டிப் போட்டிருந்த ரோசா முட்கொப்புகளைக் காலால் ஒதுக்கினார். தோட்டத்துத் தள்ளுவண்டியை நகர்த்தினார். தொப்பியை நெஞ்சில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து, "கொஞ்சம் இடது... அங்கே கல்லு, பார்த்து... இப்ப சரி, வா, வா" என்று, லொறியைப் பின்னுக்கு எடுக்கிறவனுக்குச் சொல்லுவதுபோல எனக்கு வழி சொன்னார். பின்னால் மனைவி "அரோகரா" என்றாள். அவர் அதைக் கேட்டுக் கேட்டுத் தானும் ஒரு மாதிரிச் சொல்லத் தொடங்கினார். தெருவால் போன தபால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். வேறு நாளென்றால் நான் அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்திருப்பேன். அன்று படுத்தபடியே அவருக்குத் தலையாட்டினேன்.

அடுத்த வாரமே வேலை கிடைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். கிடைக்கவில்லை. அந்தக் குளிரும் போய், கோடையும் பாதி போனபிறகுதான் கிடைத்தது. அந்த மாதங்களெல்லாம் நான் திருநீறு பூசினேன். சில காலைகளில் மனதாரப் பூசினேன், சில காலைகளில் அவளுக்குப் பயந்து பூசினேன். பூசாமல் மட்டும் இருக்கவில்லை.

அன்று கடைசியாக முன்வாசல் படியில் என் தோள் இடித்தது. முடிந்தது. எழும்பிப் படத்தைக் கும்பிட வேண்டும். ஆனால் நான் வீட்டைச் சுற்றி முடித்ததும் வீடு என்னைச் சுற்றத் தொடங்கிவிட்டது. அரைவாசி எழும்பினேன், சாய்ந்தேன். அவர் ஓடிவந்து பிடித்தார். ஈர உடம்பு வழுக்கியது. இரண்டு பேரும் புல்லில் விழுந்தோம்.

மனைவி தாச்சிச் சட்டியைப் படியில் வைத்துவிட்டு, ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் நோகிறது என்றாள், பிறகும் சிரித்தாள். உள்ளே போய்ப் புக்கையை ஒரு கோப்பையில் போட்டு, திருநீறும் எடுத்துக்கொண்டு வந்தாள். காலையிலேயே அவள் பயறும் சர்க்கரையும் போட்டுப் பொங்கி, ஹீற்றருக்குப் பக்கத்தில் சூடாக வைத்திருந்த பொங்கல் அது.

பக்கத்து வீட்டுக்காரர் எழும்பவில்லை. தொப்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் ஈரப்புல்லில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தார்.

"ஒரு நிமிசம் பொறு, மேட்," என்றார். "எனக்கும் ஏதோ இருக்க வேணும். யோசிக்கிறேன்."

"என்னவாம்?" என்று மனைவி கேட்டாள்.

"நன்றி சொல்ல யோசிக்கிறாராம்."

"கெதியா யோசிக்கச் சொல்லுங்கோ," என்றாள் அவள். "புக்கை ஆறுது."